இருநூறு

மார்ச் கடைசி வாரம்.
கிருஷ்ணகிரி ரவுண்டானாவுக்குப் பின்னால்,
பேட்டரிக் கடை மாடியில் உட்கார்ந்து
யார் யார் பணம் கட்டவில்லை என்று பார்க்கிறேன்.
இந்த மாவட்டத்தின் முப்பத்தொரு இணையதளங்களுக்கு
வாடகை வசூலிப்பவன் நான்.
வீட்டுக்காரன் அமெரிக்காவில் எங்கோ இருக்கிறான்.
முகம் தெரியாது,
டாலர் ஏறும்போது மட்டும் ஞாபகம் வருவான்.

மாங்கூழ்ச் சந்தை கட்டிவிட்டது.
வருடத்தில் மூன்று மாதம்தான் அதற்கு உயிர்.
மீதி ஒன்பது மாதமும் முகப்பில் ஒரு தோத்தாபுரி
அழுகாமல் தொங்கும்.
"சீசன் இல்லாதப்ப என்ன செய்வீங்கன்னு
முதல் போடறவங்க கேக்கறாங்க" என்றார் நாராயணப்பா.
"மரத்தைக் கேக்கச் சொன்னேன்."

ஜபீன் தாஜ் பாதிதான் அனுப்பியிருக்கிறாள்.
மலைச்சேதி:
ஒரு செல்போன், ஒரு ட்ரைபாட், ஒரு ஸ்கூட்டி.
நிருபர், ஆசிரியர், முதலாளி எல்லாம் அவளே.
தளி ரோட்டை யானை கடந்ததற்கு மூன்று லட்சம் பேர்.
ஏரி மண் எங்கே போகிறதென்று
நாலு நாள் லாரி பின்னாலேயே போய் எடுத்ததற்கு
இருநூற்றுப் பன்னிரண்டு.
அதில் நாற்பது பேர் லாரிக்காரர்கள்.
"அவங்களாவது கடைசி வரைக்கும் பாத்தாங்கண்ணா."
யானைக் காசில் மைக்குக்கு ஒரு பஞ்சு உறை வாங்கினாள்.
இப்போதெல்லாம் காற்று
கொஞ்சம் தள்ளி நின்று பேசுகிறது.

வேலைத்தளம் கைமாறிவிட்டது.
பர்கூரில் படித்த பையன்கள் இருவர்
ஓசூர் கம்பெனிகளுக்கு கேட் கேட்டாகப் போய்
ஆள்தேவை குறித்துவந்து கட்டியது.
வாங்கிய பெங்களூர்க்காரர்கள் முதலில் பெயரை எடுத்தார்கள்,
பிறகு தமிழை,
பிறகு அந்த இருவரை.
இதற்கு வெற்றி என்று பெயர்.
நானும் வாழ்த்துத்தான் அனுப்பினேன்.

பிறகு இது.
ராயக்கோட்டை தக்காளி விலை.
பெட்டி நூற்று நாற்பது,
அக்டோபர் ஒன்பது, காலை ஐந்தரை.
பதினேழு மாதமாக அதேதான்.
நடுவில் தக்காளி ஆயிரத்தைத் தொட்டது,
ரோட்டோரம் கொட்டிக் கிடந்தது, மறுபடி ஏறியது.
அந்தப் பக்கத்துக்கு ஒன்றும் தெரியாது.

அணைத்துவிடலாம் என்று பதிவேட்டைத் திறந்தால்
யாரோ ஒருவர் வருகிறார்.
தினமும். அதிகாலை நாலு பத்து.
பொங்கலன்றுகூட.
ஒரு முழுச் சாயங்காலம் அவரைக் கற்பனை செய்தேன்:
டெம்போவில் பெட்டி ஏற்றுமுன்
நூற்று நாற்பதுதானா என்று பார்த்துக்கொள்ளும்
ஒரு பிடிவாதக்காரர்.
திட்டுவதற்கு ஒரு மனைவியைக்கூட
வைத்துக்கொடுத்தேன்.

கடைசியில் மாதேசுக்குப் போன் போட்டேன்.
பொம்மனஹள்ளியில், பத்து நிமிடத்தில் மளிகை சேர்க்கும்
யாருடைய ஆப்புக்கோ
இப்போது அவன் வழி காட்டுகிறான்.
கொஞ்சம் யோசித்தான்.
"அய்யோ, அது நான்தாண்ணா.
நான் இல்ல, நான் எழுதி வச்சது.
மண்டிக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி
சைட் உசுரோட இருக்கான்னு பாக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட்.
நிறுத்த மறந்துட்டேன்."
ஊரில், ஃப்ரிட்ஜ் மேலே,
யாரும் மூடாத பழைய லேப்டாப்பில் ஓடுகிறதாம்.

அணைச்சிடுங்க, என்றான்.
இருங்க, என்றான்.
யாரோ கன்னடத்தில் கூப்பிட, போனை வைத்துவிட்டான்.

அந்த ஸ்கிரிப்டுக்கு ஒரே கேள்வி.
தளத்துக்கு ஒரே பதில்: இருநூறு.
எங்கள் தொழிலில் இருநூறு என்றால்
இருக்கிறேன், நலம், கேட்டது கிடைக்கும்.
யானையும் இல்லை, லாரியும் இல்லை,
இத்தனை ஒழுங்காக விசாரிக்கப்படும் ஒரே தளம்
மாவட்டத்தில் இதுதான்.

எண்ணூற்று நாற்பத்தொன்பது ரூபாய், வரி தனி.
மாதேசு கணக்கில் எழுதி அடித்தேன்.
என் கணக்கில் எழுதி, அதையும் அடித்தேன்.
கெடு இன்னும் ஏழு நாள் இருக்கிறது.
ஏழு இருநூறு, ஆயிரத்து நானூறு.
எப்படிப் பார்த்தாலும்
கணக்கு எனக்கு லாபம்தான்.