ஏழாம் எண் மைக்

கிளாஸ்கோ, கோவன். கப்பல் கட்டிய கொட்டகைக்குள்
இப்போது ஒரு நகரம் நிற்கிறது:
தெர்மாகோல் வங்கி, அட்டை மணிக்கூண்டு,
சுடாத நெருப்பில் நாள் முழுக்க எரியும் ஒரு பால்கனி.
மழை மட்டும் அசல்.
தகரக் கூரையில் அது விழும்போதெல்லாம்
படப்பிடிப்பை நிறுத்தச் சொல்லிக் கை தூக்குவது என் வேலை.

இன்னொரு வேலை, மைக் குத்துவது.
"அடுத்த சூப்பர் ஹீரோ யார்?" நாலாவது வாரம்.
பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் மிச்சம்.
மூத்தவனுக்குப் பதினொன்று.
கேப்பின் முடிச்சுக்குக் கீழே,
இதயத்திலிருந்து இரண்டு விரல் தள்ளிக் குத்தவேண்டும்.
நெருங்கினால் பேச்சை அது விழுங்கிவிடும்.

கேமரா தூங்கும்போதும் மைக் தூங்காது.
இடைவேளையில் இஷ்பெல்
உலகை அழிக்க வந்தவனிடம் கேட்கிறாள்:
"உங்க வீட்ல பூனை இருக்கா?"
முகமூடிக்குள்ளிருந்து பதில்:
"ரெண்டு. ஒண்ணுக்குச் சர்க்கரை நோய்."
ஸ்ட்ரூவனுக்குத் தீப்பிழம்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.
அவனுக்கு ஷூ லேஸ் கட்ட வராது.
மணிக்கூண்டுக்குப் பின்னால் குந்தி
மூச்சுக்குள்ளேயே சொல்லிக்கொள்கிறான்:
முயல் காது, மரத்தைச் சுத்து, பொந்துக்குள்ள ஓடு.
பொந்து அவிழ்ந்துவிடுகிறது. மறுபடி, முயல் காது.

ஏழாம் எண், மோர்வென்.
லூயிஸ் தீவிலிருந்து கப்பலேறி வந்தவள்.
அவளுக்குக் கொடுத்த சக்தி பறத்தல்.
எரியும் பால்கனியில் ஒரு பொம்மை மனிதன்;
அவனைக் கட்டிக்கொண்டு குதிக்கவேண்டும்.
கம்பி தாங்கும். பத்து முறை சோதித்தாகிவிட்டது.
குதிக்கவில்லை.
பொம்மையின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.
ஹெட்போனில் ரகசியம்போல் கேட்டது:
"பயப்படாத. எனக்கும்தான்."

இயக்குநர் என் காதுக்குள் கத்தினார்:
"இதயத்தை ஏத்து! இதயத்தை ஏத்து!"
ஏற்றினேன். சம்பளம் வாங்குகிறேனே.
கொட்டகை முழுக்கப் பத்து வயது அடித்துக்கொண்டது.

பிறகு அவள் எழுந்து
பொம்மையை முதுகில் ஏற்றி,
விளக்குக்காரர்கள் மறந்துவிட்டுப்போன ஏணியில்
ஒவ்வொரு படியாக இறங்கினாள்.
நாலு நிமிடம். யாரும் கைதட்டவில்லை,
எங்கே தட்டுவது என்று தெரியவில்லை.
வெள்ளி உடுப்பு நடுவர் சொன்னார்:
"காப்பாத்தினே, செல்லம். ஆனா பறக்கலையே."
பத்துக்கு இரண்டு.

மைக்கைக் கழற்ற மறந்து கழிப்பறைக்குப் போய்விட்டாள்.
குழாய் ஓடியது. நின்றது.
"அப்பா, நான் வெளியே வந்துட்டேன்," ஒரு சிரிப்பு.
"அப்பா, நான் வெளியே வந்துட்டேன்," இன்னும் பெரிய சிரிப்பு.
மூன்றாவது முறை சிரிப்பு சரியாக வந்தது,
சொல்தான் வரவில்லை.

"ஏழு வருதா?" தயாரிப்பாளர் கேட்டாள். "அது தங்கம்."
பேட்டரி போயிடுச்சு என்றேன்.
பதினாறு வருடத்தில் நான் பேட்டரி மாற்றாமல் விட்டதில்லை,
அது அவளுக்கும் தெரியும்.
விரல் தானாகவே ஏழைக் கீழே இழுத்துவிட்டிருந்தது.

நடைபாதையில் மோர்வெனைப் பிடித்தேன்.
கேப்பைச் சுருட்டி அக்குளில் வைத்திருந்தாள்.
"எல்லாம் கேட்டுதா?"
"இல்லையே."
இடுப்புப் பெட்டியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.
பச்சை விளக்கு, நல்ல தெம்பாக, எரிந்துகொண்டிருந்தது.
என்னைப் பார்த்தாள்.

தயாரிப்பாளரின் குதிகால் சத்தம்
படியேறி வந்தது.
மோர்வென்
கட்டைவிரலால்
அந்தப் பச்சையை மூடிக்கொண்டாள்.