கேட்காத தேய்மானம்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
செல்போன் கடைக்கு மேல்மாடியில்
ஆடிட்டர் ரோஸ்லெட்டின் அலுவலகம்.
ஜூலை மழை. குடையை வாளியில் நிறுத்தச் சொன்னாள்.
பிறகு கேட்டாள்:
"மண்ணுக்கு எவ்வளவு, கட்டடத்துக்கு எவ்வளவு?"

பத்திரத்தில் ஒரே தொகைதான்.
நாற்பத்திரண்டு லட்சம்.
குலசேகரத்தில் என் பங்குக்கு வந்த ரப்பரை
மரத்தோடு விற்று,
களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
அப்பு பிள்ளையிடம் வாங்கிய லாட்ஜ்.
பன்னிரண்டு அறை.
பின்சுவரைத் தாண்டிப் பதினேழு எட்டு வைத்தால் கேரளம்.
மழை அந்தப் பக்கமிருந்து வரும்,
பாசி இந்தப் பக்கம் பிடிக்கும்.

மதிப்பீட்டாளர் எழுதித் தந்த தாள் பையில் இருந்தது:
மண் இருபத்துநாலு, கட்டடம் பதினெட்டு.
"மண்ணு தேயாதாக்கும்" என்றாள்,
இருபத்துநாலை ஒரு கோடு கிழித்து ஒதுக்கி.
ஒவ்வொரு மழைக்கும் முற்றத்திலிருந்து
ஓடைக்குள் இறங்கிப்போகும் செம்மண்ணை
நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை.

பதினெட்டில் முதல் வருடம் பத்து சதவீதம்.
அடுத்த வருடம் மிச்சத்தில் பத்து.
பிறகு மிச்சத்தின் மிச்சத்தில்.
"எப்போ தீரும்?"
"தீராது அக்கா. சின்னதாகும், அவ்வளவுதான்."

கட்டியது எழுபத்தொன்பதில்.
அந்த முப்பத்துச் சொச்சம் வருட வெயிலும் ஈரமும்
அப்பு பிள்ளையின் கணக்காம்.
நான் காசு கொடுத்த அன்றுதான்
அது புதிதாய்ப் பிறந்ததாம்,
கைப்பிடிச்சுவரில் கம்பி தெரிய,
ஐந்தாம் அறையில் ஒழுகலோடு.

முதல் மூன்று வருடம் நான் தேய்மானமே போடவில்லை.
ஜெனரேட்டருக்குக் கடன் கேட்டிருந்தேன்,
வங்கி மேலாளர் லாபம் பார்க்க விரும்பினார்.
காட்டினேன்.
ஒரு செங்கல்கூடத் தேயாத லாட்ஜ்.
கடன் வந்தது, ஜெனரேட்டர் வந்தது,
இரண்டாம் மாடிவரை புகை வந்தது.
அந்த மூன்று வருடத்தை இப்போது கேட்கலாமா என்றேன்.

ரோஸ்லெட் கண்ணாடியைக் கழற்றினாள்.
"நீங்க கேட்டாலும் கேக்கலேன்னாலும்
தேஞ்சதா எடுத்துதான் கணக்கு.
சட்டம் அப்படியாக்கும்."
கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினாள்:
நாலு லட்சத்து எண்பத்தேழாயிரத்து எண்ணூறு.
யாரும் வாங்கிக்கொள்ளாமல் போனது.
ஒன்பது வருடமும் கழிய, கட்டடத்தில் மிச்சம்
ஆறு லட்சத்துத் தொண்ணூற்றேழாயிரத்துச் சில்லறை.

அன்றிரவு ரசீதுப் புத்தகத்தின் பின் அட்டையில்
எழுதிப் பார்த்தேன்.
மூன்றாம் படி, நடுவில் குழி: டிரைவர்களின் செருப்பு.
எல்லா அறையிலும் சுவிட்சுக்குப் பக்கத்தில்
இருட்டில் தேடிய விரல்களின் அழுக்கு.
ஏழாம் அறைக் கட்டிலில் ஜன்னலோர விளிம்பு:
திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள்
படுக்காமல் விடியும்வரை உட்காரும் இடம்.
கட்டிலுக்குப் பத்து சதவீதம் உண்டு.
விளிம்புக்குத் தனியாக இல்லை.
"எனக்க முட்டியையும் எழுதுங்க" என்றான்
ரூம்பாய் ரசலையன். அவனுக்கு அறுபத்தொன்று.
எழுதினேன். அவன் எட்டிப் பார்த்து,
எந்த முட்டி என்று போடவில்லையே என்றான்.

பதினொன்றே முக்காலுக்கு ஒருவர் மகளோடு வந்தார்.
கடைசி பஸ் போய்விட்டிருந்தது.
அந்தப் பெண்ணின் கையில், பாலிதீன் பையில் சுற்றிய எக்ஸ்ரே.
மலையாளத்தில் வாடகை கேட்டார்,
தமிழில் குறைக்கச் சொன்னார்.
குறைத்தேன்.

சாவியின் பித்தளை வில்லையில் எண் மழுங்கி
மூன்றா எட்டா என்று தெரியவில்லை.
"ரெண்டு கதவுலயும் போட்டுப் பாருங்க,
தொறக்கது ஒங்க ரூம்."
அவர்கள் ஏறும் சத்தம் கேட்டது,
மூன்றாம் படியில் சற்று நின்று,
பிறகு.