குரல் என்ற கட்டம்

ஒரே பேருந்தின் அடிவயிற்றிலிருந்துதான்
இரண்டையும் எடுத்தார்கள்.
பஞ்சவர்ணக்கிளி, அரிசி மூட்டைக்குள்.
குரங்கு, குழந்தை ஷூ வாங்கிய பெட்டிக்குள்,
மூடியில் ஆணி குத்திய மூன்று ஓட்டைகள்.

சின்செலெஹோ மீட்பு நிலையத்தில்
இரவுப் பணி எனக்கு.
மருத்துவர் யார்லேதிஸ் சொல்லச் சொல்ல
படிவம் நிரப்புகிறேன்.

எடை:
கிளி, ஒரு கிலோவுக்குப் பத்து கிராம் குறைவு.
குரங்கு, கையில் திணித்தும் கடிக்காத
வாழைத்துண்டோடு சேர்த்தும்
நானூறைத் தொடவில்லை.

நிறம்:
கிளிக்குக் கட்டம் போதவில்லை.
சிவப்பில் தொடங்கி மஞ்சளுக்கு வந்து
நீலத்தை ஓரத்தில் செங்குத்தாக எழுதினேன்.
சிறகுக்கடியில் இன்னொரு சிவப்பு இருந்தது.
விட்டுவிட்டேன்.
குரங்குக்கு: பழுப்பு.
தலையில் மட்டும்
யாரோ தலையணையைக் கிழித்து ஊதியதுபோல் வெள்ளை.
தித்தி என்போம் இங்கே.

உலகில் மிச்சம்:
கிளிக்கு, "பரவலாக உண்டு" என்று சொல்லி
மருத்துவர் கொட்டாவி விட்டார்.
தித்திக்கு எண் எதுவும் சொல்லவில்லை.
"நம் வடக்கு. அதில் காடு.
அந்தக் காட்டில் இன்னும் மாடு மேயாத துண்டு.
அவ்வளவுதான், எழுது."
கட்டம் பாதி காலியாகவே இருந்தது.

குரல்:
இங்கேதான் பேனா நின்றது.
கிளி, ஒரு பெண்ணின் குரலில்
"மெர்செதெஸ், அடுப்பை அணை" என்றது.
பிறகு ஓர் ஆணின் இருமல்.
பிறகு எண்ணெய் காணாத ஒரு கதவு.
தித்தி விசிலடித்தது.
கண்ணை மூடிக்கொண்டால் குருவி என்பீர்கள்,
மெலிந்து, நீண்டு,
கடைசியில் கேள்விபோல் உயர்ந்து.
பறவைக்கு மனிதக் குரல்
குரங்குக்குப் பறவைக் குரல்
எனக்கு, உலர்ந்துபோன பேனா.

பதினோராம் இரவு
அதே விசில்
எதிர்க்கூண்டிலிருந்து வந்தது.
ஏற்றம் இறக்கம் எதுவும் பிசகவில்லை.

தித்தி எழுந்தது.
வெள்ளை சிலிர்க்க
கம்பிவலையில் முகம் பதித்துப் பதில் சொன்னது.
இருட்டிலிருந்து மறுபடி அழைப்பு.
மறுபடி பதில்.
கிளியை அது பார்க்கவே இல்லை,
கிளிக்குப் பின்னால் பார்த்தது.
தகரக் கூரையைப் பார்த்தது.
என்னைத் தாண்டிப் பார்த்தது.

விடிந்ததும் கேட்டேன்,
கூண்டைத் தள்ளி வைக்கலாமா, பாவம், ஏமாறுகிறதே.
யார்லேதிஸ் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்,
சர்க்கரை போடாத காபியை.
"சாப்பிட்டதா?"
பத்து நாளாய் ஊசிக்குழாயில் கூழ்தான்.
நேற்று, அந்த விசில்களுக்கு நடுவே,
ஒரு முழுப்பழம், தோலை மட்டும் விட்டு.
"அப்படியானால் இன்றைக்கு வேண்டாம்."
நாளைக்கு என்றும் அவர் சொல்லவில்லை.

பகலில் கிளிக்குப் பழைய ஞாபகம்.
"மெர்செதெஸ், அடுப்பை அணை."

தித்தி தலையைச் சாய்த்துக் கேட்கிறது,
இதற்கும்
பதில் சொல்ல வேண்டுமோ என்பதுபோல்.