படம் எப்படி

செவ்வாய்க்கிழமை எனக்கு வார லீவு.
வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடையில்
ஆறு நாள் நின்ற கால்
உட்காரக் கேட்டது.
நூற்றைம்பது ரூபாய் கொடுத்து
தியேட்டரில் உட்கார வைத்தேன்.

முதலில் ஒரு செருப்பு வந்தது.
தரையில் படப் போகிறது, படப் போகிறது,
படவில்லை.
அதற்குள் முப்பிடாதி பாப்கார்ன் வாங்கித்
திரும்பியும் வந்துவிட்டாள்.
"என்னட்டி ஆச்சு?"
"இன்னும் கால் கீழ வரல."

அப்புறம் தாடி. அப்புறம் தீக்குச்சி. புகை.
முகம் வருவதற்குள் எனக்கு மூன்று கொட்டாவி.

கதை நம்ம பக்கம்தானாம்.
ஆளுக்கொரு அரிவாள், மூச்சுக்கு மூணு 'ஏலே'.
எங்க அப்பா தம்பியைக் கூப்பிட
ஒரு நாளைக்கே இரண்டுதான் செலவழிப்பார்.
வயல், வாழை, ஆற்றுப்பாலம்
எல்லாவற்றிலும் மஞ்சளைத் தடவிவிட்டார்கள்.
தாமிரபரணிக்குக் காமாலை.

கதாநாயகி அழுதுகொண்டே என்னமோ சொன்னாள்.
நல்ல விஷயமாகத்தான் இருக்கும்.
மேளம் விடவில்லை.

பதினேழு பேர் பறந்து விழுந்தார்கள்.
எண்ணினேன். கடைப் பழக்கம்,
விரித்த சேலையை எண்ணாமல் மடிக்க வராது.

இடைவேளைக்கு அப்புறம்தான் அது.
வீரவநல்லூர்ப் பக்கம் ஏதோ ஒரு தெரு,
ஜீப்புகள் வரப் போகின்றன.
ஓரத்தில், மங்கலாக,
ஒருத்தர் சைக்கிளை நிறுத்தப் பார்க்கிறார்.
கேரியரில் தவிட்டு மூட்டை.
ஸ்டாண்டு போட்டார், சாய்ந்தது.
இடுப்பை முட்டுக் கொடுத்துக்கொண்டே
காலால் கல் தேடினார்.
யாரும் அவரிடம் 'ஆக்‌ஷன்' சொல்லியிருக்க மாட்டார்கள்.
ஒரு கல் அகப்பட்டது.
பெருவிரலால் அதை இழுத்து, இழுத்து,
ஸ்டாண்டுக்கு அடியில்

மறுபடி செருப்பு.

"ஏய்!" என்று கத்திவிட்டேன்.
முன்வரிசைப் பையன் திரும்பிப் பார்த்தான்.
ஹீரோவுக்கென்று நினைத்து
என்னோடு சேர்ந்து விசிலடித்தான்.

செருப்புக்கு ஒன்றரை நிமிஷம் இருந்தது அவர்களிடம்.
சைக்கிளுக்கு நாலு விநாடி.
கடைசியில், யாருக்கும் எதுவும் முடியாமல்,
'இரண்டாம் பாகம் விரைவில்' என்று எழுத்து விழுந்தது.
எழுந்தோம். பாப்கார்ன் பாதி மிச்சம்.
அதை முப்பிடாதி துப்பட்டாவில் முடிந்துகொண்டாள்.

புதன்கிழமை,
பில் போடுகிற ஜெபக்கனி கேட்டாள்:
"படம் எப்படிக்கா?"

"சைக்கிள் நின்னுச்சான்னு தெரியல."

அவள் என்னைப் பார்த்தாள்,
பில்லைக் கிழித்தாள்.
"நின்னிருக்கும்க்கா."

"மூட்டை நல்ல கனம், ஜெபக்கனி.
கல்லு சின்னது."