சிறு தீ, மூடக் கூடாது

ஆனி பிறந்து ஒன்பது நாள்.
கொடியில் போட்ட பாவாடை
போட்ட ஈரத்திலேயே இருக்கிறது.
மேற்கே மலை இருக்க வேண்டிய இடத்தில்
வெள்ளையாக ஏதோ நிற்கிறது.
குளிக்க வருகிறவர்கள் இதை சீசன் என்கிறார்கள்.
புளியரையில் எங்கள் பீரோவைத் திறந்தால்
நனைந்த ரேஷன் கார்டு வாடை.

பால் அடிபிடித்த பழைய பாத்திரம்.
இரண்டு செம்பு தண்ணீர்.
நாரத்தங்காய்த் தோல், வெள்ளை நீக்காமல்.
ஆரியங்காவிலிருந்து வரும்போதெல்லாம்
ரெமணி சேச்சி ஒடித்து வருகிற
சர்வசுகந்தி இலை நாலு. கிள்ளித்தான் போட வேண்டும்,
கிள்ளாத இலை வாய் திறக்காது.
ஏலரிசி பாயசத்துக்குப் போனது,
தோடு எனக்கு.
கிராம்பு இரண்டே இரண்டு;
மூன்றானால் பல் டாக்டர் வீடு.

சிறு தீ. மூடக் கூடாது.

முதல் தடவை சுக்கும் தட்டிப் போட்டிருந்தேன்.
வாடகைக்கு வந்த பண்டாரசிவன்
வாசலிலேயே நின்று
"யாருக்குத் தடுமன்?" என்றார்.
அடுத்த தடவை கறிவேப்பிலை.
பக்கத்து வீட்டுப் பையன் தட்டோடு வந்துவிட்டான்.

"கேஸ் என்ன ஓடையிலயா வருது?"
கேட்பான் வைரவன். கேட்டுவிட்டு
அவனே போய்த் தீயை இன்னும் குறைப்பான்,
அணைக்க மாட்டான்.
அவனுக்குச் செக்போஸ்ட்டில் வேலை.
அந்தப் பக்கம் கோழி இறக்கிவிட்டு
வெறுங்கூண்டோடு திரும்பும் லாரிகளுக்கு
சக்கரம் சக்கரமாக மருந்தடிப்பது.
கேரளத்தில் எங்கோ வாத்துக்குக் காய்ச்சல் என்றால்
எங்கள் தலையணை நாறும்.
இறகும் பிளீச்சிங் பவுடரும் கலந்த ஒன்று,
சோப்புக்குப் போகாது,
வெயிலுக்குப் போகலாம், வெயில் எங்கே?
அதற்கு எதிராகத்தான் அடுப்பைப் பற்றவைத்தேன்.
அவனிடம் சொன்னதில்லை.

பிறகு அது மாதத்துக்கு ஒன்றாக வளர்ந்துவிட்டது.
ஐப்பசி இடிக்குப் பட்டையும்
காய்ந்த ஆரஞ்சுத் தோலும்.
மார்கழிக்கு அடுப்பே வேண்டாம்,
காபித்தூள் டப்பா மேல் மருக்கொழுந்து ஒரு பிடி,
இரண்டும் பேசி முடிவுக்கு வரும்.
பங்குனியில் ஜன்னல் கம்பியோடு வெட்டிவேர்;
தெளிக்க ஆள் வேண்டும், மதியத் தூக்கம் போச்சு.
கார்த்திகைக்கு மட்டும் இன்னும் எதுவும் அமையவில்லை.
போன வருடம் துளசி போட்டேன்.
வீடு கோயிலாகி
நாலு நாள் யாராலும் சண்டை போட முடியவில்லை.

இதில் ஒரு கஷ்டம் உண்டு.
கால் மணி நேரம் கொதித்ததும்
எனக்கு ஒன்றும் தெரியாது.
மூக்கு வீட்டோடு ராசியாகிவிடும்.
வெறும் வெந்நீர் காய்கிற மாதிரி இருக்கும்.
வருகிறவர்கள் "ஆஹா" என்பார்கள்,
நான் நம்பிக்கொள்ள வேண்டும்.

நேற்று ராத்திரி நம்பப் பிடிக்கவில்லை.
குடையோடு இறங்கி
ஓடைப்பாலம் வரை போனேன்.
மழை என்று சொல்ல முடியாது,
காற்றுக்கு வியர்த்திருந்தது.
கொல்லம் ரயில், பின்னாலும் ஓர் எஞ்சின் தள்ள,
மலைக்குள் போய்க்கொண்டிருந்தது.
சேறு, தவளை, யார் வீட்டிலோ கருவாடு
எல்லாவற்றையும் இழுத்து மூக்கைக் கழுவினேன்.
திரும்பி வந்து
அடுத்தவள் வீட்டுக் கதவைப் போலத் தள்ளினேன்.

முதலில் நாரத்தை, முகத்தில் அடித்தாற்போல்.
அப்புறம் ஏலம்; அதற்குள் மடிந்து அந்த இலை.
மூன்றாம் மூச்சில்
இவற்றுக்கெல்லாம் கீழே, கொஞ்சமும் கரையாமல்,
சுவரின் ஈரம், பையனின் கேன்வாஸ் ஷூ,
இறகு, பிளீச்சிங்.
செருப்பைப் பார்க்கும் முன்பே தெரிந்தது
வந்துவிட்டான் என்று.

நாலாவதுக்கு எல்லாம் போய்விட்டது.
வெந்நீர்.

"இந்த ஈரத்துல எங்க போன?"
இருட்டிலிருந்து கேட்டான்.
தோடு கருகத் தொடங்கியிருந்தது.
அரைச் செம்பு ஊற்றினேன்,
சுர்ரென்றது.