சிவப்புத் தேதிகள்

ஜனவரி ஒன்று முதல் எட்டு வரை
அங்கே ஆபீஸ் பூட்டு.
பணம் அனுப்பினாலும் ரசீது வராது என்று
ஜெர்லின் கூப்பிட்டுச் சொன்னபோது
மண்டபம் ஐஸ் பிளாண்டில்
நொறுக்கும் எந்திரத்துக்குப் பார் தள்ளிக்கொண்டிருந்தேன்.
“எட்டு நாளா?”
“எட்டு நாள்தான்ப்பா.”
குறைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்பதுபோலச் சொன்னாள்.

கிறிஸ்துமஸ் அவர்களுக்கு ஏழாம் தேதி.
பங்குச்சாமியிடம் கேட்டேன்.
பழைய காலண்டர், பதிமூன்று நாள் பிந்தித்தான் வரும் என்றார்,
கரைவலையில் கடைசியாய் ஏறும் மடிபோல.
அந்தக் கணக்கில்
இன்னொரு புதுவருஷமும் உண்டாம்.
பேரே ‘பழைய புதுவருஷம்’.
பக்கத்து வீட்டு முனியசாமி
போகிக்கென்று கிழிந்த பாயை வெளியே போட்ட ராத்திரி
அவள் விடுதியில் கொழுக்கட்டை அவித்தார்கள்.
உள்ளே காசு இருந்தால் வரவு,
பொத்தான் இருந்தால் புதுத்துணி.
இவளுக்கு வந்தது மிளகு.
“மிளகுக்கு என்ன பலன்?”
சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டாள்.

பத்தொன்பதாம் தேதி வீடியோ அனுப்பினாள்.
உறைந்த வோல்காவைச்
சிலுவை வடிவத்தில் அறுத்து வைத்திருக்கிறார்கள்.
கிழவர்களும் போலீஸ்காரர்களும்
மூன்று முறை முங்கி எழுகிறார்கள், உடம்பில் ஆவி பறக்க.
இருபத்தாறு வருஷம் பார் தூக்கிய கை எனக்கு.
வெட்டி எடுத்த பாளத்தைப் பார்த்ததுமே சொல்லிவிட்டேன்,
அரை ஆள் கனம், உள்ளே காற்றில்லை,
நாலு நாள் மீன் தாங்கும்.
“நீ முங்கினியா?”
“போப்பா.”
அதே வாரம் தை அமாவாசை.
அக்கினி தீர்த்தத்தில் கால் வைக்க இடமில்லை.
இறங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று
அங்கேயும் யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

மார்ச் எட்டு, பெண்கள் தினம், அதுவும் லீவு.
கையில் மஞ்சள் மஞ்சளாய் ஒரு கொத்து.
“இது நம்ம தண்டவாளத்து ஓரக் கருவேலம்பூதானே?”
ஒரு கொத்து முன்னூறு ரூபிளாம்.
அந்த விலைக்கு
ராமநாதபுரம் ஜில்லாவையே வெட்டி அனுப்பலாம்,
அடகில் இருக்கும் நகையும் திரும்பும்.
“கிளாஸ் பசங்க எல்லாருக்கும் குடுப்பாங்கப்பா.”
பின்னால் மீன் அலசிக்கொண்டிருந்த பனிமயம்
தலை தூக்காமல் கேட்டாள்:
“எல்லாருக்குமா?”

மே ஒன்பது.
தடைக்காலம், பிளாண்ட் ஓடவில்லை,
உப்புத் தொட்டி வறண்டு வெள்ளையாய்க் கிடக்கிறது.
அங்கே, சண்டையில் செத்தவர்கள் படத்தை
நெஞ்சோடு ஏந்தி
பேரப்பிள்ளைகள் தெருத்தெருவாய் நடக்கிறார்கள்.
பனிமயம் இரண்டு தடவை பார்த்தாள்.
இங்கே கடலுக்குப் போய் வராதவர்கள் படத்தோடு நடந்தால்
பாம்பனிலிருந்து தங்கச்சிமடம் வரை
ரோடு பத்தாது என்றாள்.
நான் சார்ஜரைத் தேடினேன்.

ஆகஸ்டில் அவள்
பனிமாதா திருவிழாவுக்குத் தூத்துக்குடி போய்வந்தாள்.
மாதாவின் பேர்தான் அவளுக்கும்;
நான் சட்டையில் கொண்டுவரும் ஐஸ்தூள் தவிர
வேறு பனி கண்டதில்லை.
திரும்பும்போது ஒரு கிலோ ஆப்பிள்.
அன்றைக்குப் பார்த்து ஜெர்லின் சொன்னாள்:
இங்கே ஆப்பிளுக்கும் ஒரு திருநாள் உண்டும்மா,
பத்தொன்பதாம் தேதி.
பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்
அதுக்கு முன்னாடி ஆப்பிள் தொடமாட்டாங்க.
தொட்டா மோட்சத்துல பங்கு வைக்கிறப்போ
அந்தப் பிள்ளைக்கு மட்டும்…

அங்கேயே நிறுத்திவிட்டாள்.

அவளுக்கு முன்னால் ஒருவன்.
பதினோரு நாள்.
ஆஸ்பத்திரியிலேயே ஞானஸ்நானம்,
கபிரியேல் என்று.

பனிமயம் ஒன்றும் சொல்லவில்லை.
பையை எடுத்து அரிசி டிரம்மின்மேல் வைத்தாள்.
இரண்டு வாரம் வீடெல்லாம் அந்த வாசம்.
ஒன்று அழுகியது, தூக்கிப் போட்டாள்.
பத்தொன்பதாம் தேதி காலையில்
ஒரு பழத்தை நாலாய் நறுக்கி,
எனக்கொன்று, தனக்கொன்று.
மற்ற இரண்டும் தட்டிலேயே கறுத்துக்கொண்டிருந்தன.
நான் வேலைக்குக் கிளம்பினேன்.

நவம்பர் நாலு மறுபடி லீவு.
“இது எதுக்கு?”
“இங்கே யாருக்குமே சரியாத் தெரியலப்பா.
எல்லாரும் தூங்குறாங்க.”
“நீயும் தூங்கு.”
பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள்.
படகெல்லாம் கரையில்.
எங்களுக்கும் லீவுதான்,
காலண்டரில் கறுப்பு எழுத்தில்.