மூக்கில்லாத வண்டி

தொண்ணூற்றேழாம் வருடத்து சியலோ.
புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் கிடையாது.
தான் விட்ட மூச்சைத் தானே முகர்ந்து
பெட்ரோலைக் கூட்டவோ குறைக்கவோ அதற்குத் தெரியாது.
பானெட்டுக்குள், பின்சுவரோரம்,
தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி.
அதில் ஒரு திருகு.
யாராவது மோந்து பார்த்துத் திருக வேண்டும்.

எனக்கும் மூக்கில்லை,
இரண்டாவது அலைக் காய்ச்சலுக்குப் பிறகு.
பால் தீய்ந்தால் பக்கத்து வீட்டிலிருந்து கத்துவார்கள்.
ஆஸ்பத்திரி லேபில்
லேபிள் கிழிந்துவிட்டால்
ஸ்பிரிட்டும் தண்ணீரும் எனக்கு ஒன்றுதான்.

"குடலைப் புரட்டுது பெட்ரோல் நாத்தம்,
எப்படிக்கா ஓட்டிட்டு வந்தீங்க?"
கோரிமேட்டுப் பட்டறையில் அமானுல்லா.
ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை சுற்றி ஓயும்வரை
திருகைத் தொடவில்லை அவர்.
சூடேறாத இன்ஜின் பொய் சொல்லுமாம்.
பிறகு இடப்பக்கம் கால் சுற்று.
மீட்டர் யோசித்தது.
நாலு புள்ளி எட்டு. நாலு. மூன்றரை.
இன்னும் கால் சுற்று, இன்னும்,
ஒன்று புள்ளி நாலில் வந்து உட்கார்ந்தது.
"சரி. ஆனா இவ்வளவு திருக வேண்டி வந்தது ஏன்?"
என்று தனக்குத்தானே கேட்டவரை
ஒரு ஆம்னிக்காரர் கூப்பிட்டார்.
கேள்வி என்னோடு காரில் ஏறிக்கொண்டது.

சனிக்கிழமை, ஏற்காட்டுக்கு.
மேலே தபாலாபீசில் ஜெசிந்தா
ஒரு மணிக்குக் கதவடைப்பாள்.
நாலாவது வளைவுவரை ஒரு குறையுமில்லை.
ஏழில் இருமல்.
ஒன்பதில் இழுவை போய்
இரண்டாவது கியருக்கே கெஞ்சியது.
முந்திப் போன பைக்கில் பின்னால் இருந்த பையன்
திரும்பிப் பார்த்து மூக்கைப் பொத்தினான்.
அவன்தான் என் சென்சார்.

பதினொன்றில் ஒதுக்கி நிறுத்தி பானெட்டைத் தூக்கினேன்.
காது இருக்கிறதே.
பல்லிடுக்கில் காற்றிழுப்பதுபோல ஒரு ஸ்ஸ்.
விரலால் தடவிக்கொண்டே போனால்
ஸ்ட்ரா தடிமனில் ஒரு ரப்பர் குழாய்,
பனிக்கால உதடுபோல வெடித்து.
இன்ஜின் எவ்வளவு ஆழமாக உறிஞ்சுகிறது என்று
கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டிய குழாய்.
சும்மா நிற்கும்போதும் அது சொல்லிக்கொண்டிருந்தது:
ஏற்றம், பாரம், ஊற்று, இன்னும் ஊற்று.
பொய் சொன்னது இது.
காதைத் திருகியது அதற்கு.

கைப்பையில் எப்போதும் கிடக்கும் டிரிப் டியூபில்
ஒரு முழம் வெட்டிச் சொருகினேன்.
ஸ்டார்ட் செய்தால் நடுங்கி அணைந்தது.
நியாயம்தானே.
பொய்க்கு ஏற்றபடி குறைத்த பெட்ரோல்
உண்மைக்குப் போதவில்லை.

மீட்டர் கோரிமேட்டில்.
சின்ன ஸ்க்ரூடிரைவர் என்னிடம்.
வலப்பக்கம் கொஞ்சம்: உயிர் வந்தது.
இன்னும் கொஞ்சம்: சத்தம் உருண்டு தடித்தது.
இன்னும்: சோம்பியது.
பின்னுக்கு, ஒரு மயிரிழை.
புகைக்குழாயில் கைக்குட்டையைப் பிடித்தேன்.
சாம்பல் வட்டம், கறுப்பில்லை.
உள்ளங்கையில் ஈரம்.
இதற்குமேல் தெரிந்துகொள்ள என்னிடம் வேறொன்றுமில்லை.

வளைவின் ஓரத்தில் பலாச்சுளை விற்றவளிடம் போனேன்.
"இந்தப் புகையைக் கொஞ்சம் மோந்து பார்த்துச் சொல்றீங்களா?"
என் முகத்தைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள்,
குடித்திருக்கிறேனா என்றும் பார்த்திருப்பாள்.
வந்து குனிந்தாள்,
உப்புப் பார்க்காமல் குழம்பை இறக்குகிறவளைப்போல.
"கண்ணெரியுதுங்க."
கொஞ்சம் திருகினேன்.
"இப்ப?"
"காந்தல் கொஞ்சம்."
இன்னும் கொஞ்சம்.
முந்தானையை விலக்கிவிட்டு நன்றாக இழுத்தாள்.
"இப்ப ஒண்ணுமே தெரியலீங்களே."

ஒன்றுமே தெரியாதது எப்படி இருக்கும் என்று
எனக்குத் தெரியும்.
அதை ஒருவர் நல்ல செய்தியாகச் சொல்லி
இப்போதுதான் கேட்கிறேன்.

பேர் பொன்னுருவி. அரைக்கிலோ வாங்கினேன்.
காசு வாங்கவில்லை என்று எழுத ஆசைதான்.
ஐந்து ரூபாய் கூடவே வாங்கினாள்.
மீதி ஒன்பது வளைவும்
டிரிப் டியூப் சொன்னதைக் கேட்டுக்கொண்டு ஏறியது வண்டி.

ஜெசிந்தா கதவைத் திறந்து உட்கார்ந்து சொன்னாள்:
"என்னடி, கார் பூரா பலாப்பழம்."
திங்கட்கிழமை ரப்பர் குழாய் வாங்க வேண்டும்,
அரையடி போதும்.